வூல்ப் நூல்களைப் படிக்கும் முறை

லெனாட் வூல்ப் எழுதிய நாவல்கள் இரண்டு. சுயசரிதை நூல்கள் ஐந்து. 1961இல் வெளிவந்த 'வளர்தல்' என்னும் நூலிலே யாழ்ப்பாணம் வருகின்றதாதலால், நம்மவர் அதனையே முதலிற் கையிலெடுப்பர். அது முறையன்று என்பது எமது கருத்து.

1904இல் இலங்கைக்கு வந்த வூல்ப் யாழ்ப்பாணக் கச்சேரியிலும் கண்டியிலும் கடமையாற்றியபின், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக விளங்கினார். பதவியைத் துறந்து 1913இல் அவர் வெளியிட்டதே 'காட்டிலே ஒரு கிராமம்'. அதில் வேட்டுவன் சிலிந்துவும் அவன் புதல்வியர் இருவருமே உலகம். கடனும் சேனைப் பயிருக்கான அனுமதியும் அவர்கள் கழுத்தை நெரிக்கின்றன. வெள்ளைக்கார நீதவானோ இரக்கமுள்ளவர்; ஆயினும் குற்றமற்ற பாபுனைச் சிறைக்கு அனுப்புபவரும் அவரே! தம்மையொத்த அதிகாரியை ஆசிரியர் கதையின் ஓரத்திலேயே நிறுத்திவிட்டார்.

1914இல் வந்த 'அறிவுடைக் கன்னியர்' இலண்டன் கதை, விரைந்து கடக்கலாம். அதன்பின் அவர் நாவல் எழுதவில்லை. சுயசரிதையின் முதற்பாகமாகிய 'விதைத்தல்' 1960இலேதான் வெளிவந்தது. 1964, 1967, 1969 ஆகிய ஆண்டுகளில் வந்த இறுதி மூன்றும் பெரிதும் இங்கிலாந்து வாழ்க்கையைக் கூறுவன.

'வளர்தல்' நூலிலோ அதிகாரியே நடுநாயகம். யாழ்ப்பாணத்து வழக்கறிஞர் ஒருவரின் முகத்திற் சவுக்கால் அடித்தாரென எழுந்த முறைப்பாட்டை அங்கே நினைவுகூருகின்றார். அடிக்கவில்லை என்கிறார், ஆனால், அவ்வூர் வீதியிலே குதிரைமேல் தாம் வீற்றிருந்ததே அம்மக்களுக்கு ஓர் அறைதான் என ஒப்புகின்றார். முறைப்படி படித்து வருபவர் இவ்விடத்தில் வியப்படையார். 48 ஆண்டுகளுக்கு முன்னரே அதனைச் சிலிந்துவின் கதை அறிந்திருந்தது.