ஓய்ந்த பேனலுக்கு யார் பொறுப்பு?

சில மாதங்களுக்கு முன்பு, பழைய இரும்புக் கடை ஒன்றின் வாசலில், கண்ணாடி முழுவதும் சிலந்தி வலை போல விரிசல் ஓடிய ஒரு சோலார் பேனலை இருவர் பிரித்துக்கொண்டிருந்ததை நின்று கவனித்தேன். பின்புறத்துப் பெட்டியிலிருந்து தொங்கிய ஒயரைத் தாமிரத்துக்காக அறுத்தெடுத்தார்கள். நான்கு ஓரங்களையும் தழுவியிருந்த அலுமினியச் சட்டத்தை நெம்பிக் கழற்றித் தராசில் போட்டார்கள். எஞ்சிய தகட்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "இதுக்கு விலை கிடையாதுங்க, குப்பைக்குத்தான் போகும்" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்தத் தகட்டுக்குள்தான், மிகுந்த மின்சாரத்தைச் செலவிட்டுச் சுத்திகரித்த சிலிக்கனும், அதன்மீது மயிரிழையாய் அச்சிட்ட வெள்ளிக் கோடுகளும் இருக்கின்றன. பேனலின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கும் பின்புறத்துப் பிளாஸ்டிக் தாளுக்கும் நடுவே சிலிக்கன் செல்களைப் பரப்பி, மேலும் கீழும் பசைப் படலமிட்டு, சுமார் 150 டிகிரி உஷ்ணத்தில் அழுத்தி ஒரே பிண்டமாக்கிவிடுகிறார்கள். 25 ஆண்டுகள் மழையும் உப்புக் காற்றும் உட்புகாமல் காக்கும் அந்தப் பிணைப்பே, ஆயுள் முடிந்த பின்பு பொருள்களைப் பிரித்தெடுக்கவொட்டாமல் தடுக்கிறது. பல பேனல்களின் பற்றவைப்பில் ஈயம் உண்டு. பின்தாள் பலவற்றில் ஃபுளோரின் சேர்ந்த பிளாஸ்டிக் இருப்பதால், எரித்தால் எழும் புகை விஷம். முறைப்படி பிரிப்பதற்கு ஆகும் செலவோ, கிடைக்கும் பொருளின் கிரயத்தைவிடப் பெரும்பாலும் அதிகம். ஆகவே அந்த வித்தியாசத்தை யாரேனும் ஒருவர் ஏற்றாலன்றி இக்காரியம் நடவாது.

அந்த ஒருவர் உற்பத்தியாளரே என்னும் சித்தாந்தத்தை, ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்க்விஸ்ட் 1990-ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு எழுதிய அறிக்கையில் முன்வைத்தார். எந்தப் பசையை இடுவது, எந்த உலோகத்தால் பற்றவைப்பது என்று நிர்ணயிப்பவர் உற்பத்தியாளர்தாமே. பிரிக்கும் செலவும் அவர் தலையிலேயே விழும் என்று தெரிந்தால், பிரிப்பதற்கு இலகுவான பேனலைச் செய்ய அவருக்கே அக்கறை பிறக்கும். இந்த நியாயத்தை ஒட்டித்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் தன் மின்கழிவுச் சட்டத்தில் சோலார் பேனலையும் சேர்த்தது.

சேர்த்த காலத்தில் ஒரு சிக்கல் முளைத்தது. செக் நாட்டில், ஏற்கெனவே விற்றுப்போன பேனல்களைப் பின்னாளில் அப்புறப்படுத்தும் செலவுக்கு, அவற்றை நிறுவி மின்சாரம் எடுப்பவர்களே சந்தா கட்டவேண்டும் என்று உள்நாட்டுச் சட்டம் விதித்தது. விசோசினா விண்ட் என்ற மின்நிலையக் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு, ஐரோப்பியச் சட்டப்படி இது உற்பத்தியாளரின் பாரமாயிற்றே என்று நஷ்டஈடு கேட்டு அரசின் மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்று, 2022 ஜனவரி 25-ல் தீர்ப்பு வந்தது: 2012 ஆகஸ்ட் 13 முதல் சந்தைக்கு வந்த பேனல்களுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு, அதற்கு முன் விற்றவற்றுக்கு, விற்கும்போது இல்லாத பாரத்தைப் பின்னால் அவர்மீது ஏற்றுவது செல்லாது. அதற்கிணங்க 2024-ல் அந்த ஐரோப்பியச் சட்டமே திருத்தப்பட்டது. பேனல் கைமாறும் நாளில் வாய்மூடியிருந்த சட்டம், காலங்கடந்து வாய் திறந்தால் நீதிமன்றப் படியில் நிற்காது என்பதை நம்மவர்கள் இவ்வழக்கிலிருந்து ஊன்றிக் கவனிக்கவேண்டும் என்று மெய்யாகவே விரும்புகிறேன்.

இன்னொரு குறையும் அந்த ஐரோப்பியச் சட்டத்தில் உண்டு. மின்கழிவின் எடையில் 85 சதவிகிதத்தை மீட்கவேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். கண்ணாடியையும் அலுமினியத்தையும் எடுத்தாலே அந்த இலக்கை ஏறக்குறைய எட்டிவிடலாமாகையால், எடையில் அற்பமான வெள்ளியைத் தேடவேண்டிய நிர்ப்பந்தம் யாருக்கும் இல்லாமற்போயிற்று.

நம் தேசத்தில் 2022-ல் வெளியாகி 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகள் சோலார் பேனலையும் உள்ளடக்கியிருப்பது சந்தோஷத்துக்குரியது. ஆயினும் டி.வி., ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்கு ஆண்டுதோறும் மறுசுழற்சி இலக்கு உண்டு. சோலார் கம்பெனிகளுக்கோ பதிவு செய்து, ஆண்டறிக்கை கொடுத்து, 2034-35 வரை சேரும் கழிவைப் பத்திரமாக வைத்திருப்பதே முக்கியக் கடமை. வைத்திருப்பது சரி, பிறகு பிரிக்கும் பணம் எங்கிருந்து வரும்? ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் எழுந்த 648 மெகாவாட் மின்நிலையத்தில் மட்டும் சுமார் 25 லட்சம் பேனல்கள் வெயிலில் நிற்கின்றன. 25 ஆண்டு ஆயுள் என்று கொண்டால் 2041 வாக்கில் அவை ஒருசேர ஓயும். அன்றைக்கு அவற்றைச் செய்த கம்பெனிகளில் எத்தனை உயிரோடிருக்கும், எத்தனை பெயர் மாறியிருக்கும்?

ஆகையால் ஒவ்வொரு பேனலும் விற்கும் தருணத்திலேயே, அதைப் பிரிக்கும் செலவுக்கென ஒரு தொகையை உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ தனி நிதியில் கட்டிவிடவேண்டும். கம்பெனி மூடப்பட்டாலும் கடன்காரர் கை வைக்க முடியாத நிதியாக அது இருத்தல் அவசியம். இலக்கையும் மொத்த எடையில் வைக்காமல், வெள்ளிக்கு இவ்வளவு, சிலிக்கனுக்கு இவ்வளவு என்று தனித்தனியே வைக்கவேண்டும். இந்த மாதம் யாரோ ஒருவர் வீட்டு மாடியில் ஏறப்போகும் பேனலின் ரசீதிலேயே அந்தத் தொகை எழுதப்பட்டிருந்தால், 25 ஆண்டு கழித்து அதைச் சுமந்து வருபவரிடம் பழைய இரும்புக் கடைக்காரரும் ஒரு விலை சொல்லுவார்.