மண்சரிவும் முன்னறிவும்: ஒவ்வொரு காரணிக்கும் உரிய நிறை

மடுல்கெல்லயில் அடைமழை பிடித்தால் பெரியவர்கள் கேட்பது இரண்டு கேள்விதான். "மேல்பக்கம் வெடிப்பு ஏதும் கண்டீங்களா? பீலித் தண்ணி கலங்கி வருதா?" நக்கிள்ஸ் அடிவாரத்துத் தேயிலைச் சரிவுகளில் வாழ்பவர்களுக்கு எது பெரிய அடையாளம், எது சிறியது என்பது பழக்கத்தில் தெரியும். இந்த முன்னறிவைக் கணக்குக்குள் எடுக்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் பேய்சியப் புள்ளிவிபரவியல்.

இங்கிலாந்தின் மதபோதகர் தோமஸ் பேய்ஸ் 1761இல் காலமானார். அவருடைய கட்டுரை 1763இல் வெளிவந்தது. அதன் வழி வந்த முறையின் சாரம் எளியது: முன்னர் அறிந்ததோடு புதிய தரவைச் சேர்த்தால் திருத்திய அறிவு கிடைக்கும். தமிழ் படித்த எனக்கு இது 'சரியும்', 'சரியலாம்', 'சரியாது' என்ற சொற்களின் இடைவெளியை எண்ணால் எழுதுவதாகவே படுகிறது.

சரிவின் சாய்வு, மழை, நிலப்பயன்பாடு எனப் பல காரணிகளைக் கொண்டு ஒரு விளைவை எதிர்வுகூறுவது பிற்செலவு மாதிரி. ஒவ்வொரு காரணிக்கும் ஒரு குணகம் உண்டு. அந்தக் குணகம் எந்த எல்லைக்குள் இருக்கும் என்று தரவைப் பார்க்குமுன்னரே எழுதிவைப்பது முற்பரம்பல்.

இதற்கு நெருங்கிய உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை ஆக்கியபோது ஆறு காரணிகளுக்கு, மொத்தம் 100 வருமாறு, நிறை கொடுத்தது. சாய்வுக்கு 25, பாறையமைப்புக்கு 20, நீரோட்டத்துக்கு 20, நிலப்பயன்பாட்டுக்கு 15, மண்படைக்கு 10, நிலவுருவத்துக்கு 10. இது பேய்சிய முறை அல்ல. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கொடுக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே யோசித்த நிபுணர் அறிவு அதில் இருக்கிறது.

ஏன் இவ்வளவு கவனம்? 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தயில் லயன்கள் புதைந்தன. 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்தது. இழப்பு பெரிது, ஆனால் ஒரு குறித்த பிரதேசத்தில் கணக்குக்குக் கிடைக்கும் சம்பவங்கள் சிலவே. தரவு குறையக் குறைய முற்பரம்பலின் செல்வாக்குக் கூடும்.

முதலாவது கவனம், அலகு. மழையை மில்லிமீற்றரில் எடுத்தால் வரும் குணகம், 10 மில்லிமீற்றரை ஓர் அலகாக எடுத்தால் பத்து மடங்காகும். ஆகவே அலகு மாறினால் முற்பரம்பலும் மாறவேண்டும்.

இரண்டாவது, திசை. சாய்வு கூடினால் அபாயம் கூடும் என்று எதிர்பார்க்கலாம். 10 பாகைக்கான குணகத்துக்குச் சராசரி 0.5, நியம விலகல் 0.5 கொண்ட செவ்வன் பரம்பலை வைப்போம். சரிவதற்கும் சரியாமைக்கும் இடையிலான விகிதம் ஏறத்தாழ 1.6 மடங்காகும் என்பதே அதன் நடு எதிர்பார்ப்பு. ஆனாலும் 0.6 முதல் 4.5 மடங்கு வரை இடம் விட்டிருக்கிறோம். மிகச் செங்குத்தான பாறையில் சரிவதற்கு மண்ணே இருக்காது அல்லவா? எதிர்த்திசைக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். திசையே நிச்சயமில்லாத காரணிக்குச் சராசரியைப் பூச்சியத்தில் வைப்பது நேர்மை.

மூன்றாவது, "எனக்கு ஒண்டும் தெரியாது" என்று மிக அகலமான பரம்பலை வைப்பது நடுநிலை ஆகாது. இவ்வகை மாதிரியில் அடிப்படை மாறிலிக்குச் சராசரி பூச்சியம், நியம விலகல் 10 என்று கொடுத்துப் பாருங்கள். மற்றக் காரணிகளைச் சேர்க்குமுன்னரே, நூற்றுக்கு ஏறத்தாழ 65 தடவை நிகழ்தகவு 0.01க்குக் கீழோ 0.99க்கு மேலோ போய்விடும். "நிச்சயம் சரியாது", "நிச்சயம் சரியும்" என்ற இரண்டே பேச்சு! அறியாமை என்று நினைத்தது அடம்பிடிக்கும் உறுதியாகிவிடுகிறது.

இதைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு. தரவைத் தொடாமல், முற்பரம்பலிலிருந்து மட்டும் கணினியில் கற்பனைச் சரிவுகளை உருவாக்கிப் பார்க்க வேண்டும். மலைநாட்டின் பாதி ஒரே மழையில் சரிவதாக விடை வந்தால், முற்பரம்பலைத் திருத்தத்தான் வேண்டும். அதேபோல் தரவு எவ்வளவு சொன்னாலும் மாறாத அளவுக்கு அதை இறுக்கிவிடவும் கூடாது.

ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அதை ஏன் வைத்தோம் என்று ஒரு வரி எழுதிவைப்பது நல்லது. காரணம் எழுத்தில் இருந்தால்தான் புவியியலாளரும், அந்தச் சரிவின் கீழ் குடியிருப்பவரும் அதை மறுத்துப் பேச முடியும்.