ஓர் ஆய்வு மட்டும் போதுமா?



"ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று தொடங்கும் மருத்துவச் செய்திகள் நம் கைப்பேசிகளுக்கு ஓயாமல் வருகின்றன. காபி நல்லது என்று ஒரு வாரம், கெடுதல் என்று மறு வாரம். இதைப் பார்த்து, மருத்துவர்களுக்கே ஒன்றும் தெளிவில்லை என்று நம்மில் சிலர் முடிவு கட்டிவிடுகிறோம். அது சரியல்ல. ஒரு கேள்வியைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகள் அனைத்தையும் தேடித் திரட்டி, ஒவ்வொன்றின் தரத்தையும் பார்த்து, மொத்தமாக எடைபோடும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு முறையான மீளாய்வு என்று பெயர். அதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் குறைமாதக் குழந்தைகளின் வரலாறே சாட்சி.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் செம்மறி ஆடுகளை வைத்து ஆராய்ந்து வந்தார். ஆட்டின் வயிற்றில் இருந்த கருக்குட்டிக்கு ஸ்டீராய்டு மருந்து செலுத்தியபோது, நுரையீரல் விரியாமல் இறந்திருக்க வேண்டிய குறைமாதக் குட்டி மூச்சு விட்டது. குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து 282 தாய்மார்களிடம் அதைச் சோதித்து 1972இல் வெளியிட்டார். எதிர்பாராமல் முன்கூட்டியே வலி கண்ட தாய்மார்களில், ஊசி போடாதவர்களின் குழந்தைகள் 100க்கு 15 பேர் முதல் வாரத்திலேயே இறந்தார்கள். ஊசி போட்டவர்களின் குழந்தைகளில் அது 3.2தான்.

இவ்வளவு தெளிவான முடிவு வந்ததும் எல்லா மருத்துவமனைகளும் அந்த ஊசியைப் போடத் தொடங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. அடுத்தடுத்து வேறு இடங்களில் சிறு சிறு ஆய்வுகள் நடந்தன. ஆட்கள் குறைவாக இருந்ததால் அவற்றில் பெரும்பாலானவை "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்றே முடிந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியே படித்த மருத்துவர்கள் தயங்கினார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த மீளாய்வு 1989இல்தான் வெளிவந்தது. பலன் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பல்லாயிரம் குழந்தைகள் வீணாக இறந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். மருந்து இருந்தது, விலையும் அதிகமில்லை, ஆய்வும் நடந்திருந்தது. கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

இந்தப் பணிக்காகவே 1993இல் காக்ரேன் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் சின்னத்தில் இருக்கும் கோடுகள் மேற்சொன்ன ஊசியைப் பற்றிய 7 ஆய்வுகளைக் குறிப்பவை.

கூட்டுவது என்றால் கிடைத்ததை எல்லாம் அள்ளிப் போடுவதல்ல. எந்தக் கேள்வி, எந்த ஆய்வுகளைச் சேர்ப்போம், எவற்றை ஒதுக்குவோம் என்பதைத் தேடத் தொடங்கும் முன்பே எழுதிப் பொதுவில் பதிய வேண்டும். பிறகு வசதிக்கேற்ப மாற்றினால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு பேர் தனித்தனியே தேர்வு செய்து ஒப்பிடுவார்கள். எங்கே தேடினோம், எத்தனை கிடைத்தன, எத்தனையை ஏன் தள்ளினோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். நம் அறக்கட்டளையின் வரவு செலவைத் தணிக்கையாளர் முன் வைப்பது போலத்தான் இதுவும்.

இதில் கடினமான பகுதி, வெளியிடப்படாத ஆய்வுகள். டாமிஃப்ளூ என்ற காய்ச்சல் மருந்தை அரசாங்கங்கள் கோடிக்கணக்கில் வாங்கிக் குவித்தன. அதற்கு ஆதாரமாகக் காட்டிய 10 ஆய்வுகளில் 2 மட்டுமே இதழ்களில் வந்தவை என்பதை ஜப்பானியக் குழந்தை மருத்துவர் ஒருவர் 2009இல் சுட்டிக்காட்டினார். காக்ரேன் குழுவினர் பல ஆண்டுகள் போராடி முழு அறிக்கைகளையும் பெற்று 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு 7 நாள் இருக்கும் நோய்க்குறிகள் 6.3 நாளில் தீர்கின்றன, அவ்வளவே. மருத்துவமனையில் சேர்வதைக் குறைத்ததாக நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை.

மீளாய்வும் ஒருமுறை செய்து மூடி வைப்பதல்ல. இந்தியா, பாகிஸ்தான் உள்ளிட்ட 6 நாடுகளில் அதே ஊசியைக் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வரை பரவலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. பலன் தெரியவில்லை, மொத்தத்தில் குழந்தை இறப்பு சற்றுக் கூடவும் செய்தது. உலக சுகாதார நிறுவனம் மீண்டும் 5 நாடுகளின் 29 மருத்துவமனைகளில் 2,852 தாய்மார்களிடம் சோதித்தது. கர்ப்பகாலம் சரியாகக் கணிக்கப்பட்டு, தாய்க்கும் சேய்க்கும் தகுந்த கவனிப்பு இருந்த அந்த இடங்களில் 2020இல் பலன் உறுதியானது. அதே ஆண்டு புதுப்பித்த காக்ரேன் மீளாய்வில் 27 ஆய்வுகள் சேர்ந்திருந்தன. எனவே இந்த ஊசி மருத்துவமனையில், மருத்துவர் கணித்துப் போட வேண்டியது.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதுமே வேண்டாம் என்று மறுக்கும் குடும்பங்கள் உண்டு. வீட்டுப் பெரியவர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: 34 வாரத்துக்கு முன்பே வலி கண்டால் தாமதிக்காமல் பச்சிளம் குழந்தைப் பராமரிப்புப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். "குழந்தையின் நுரையீரலுக்கான ஊசி தேவையா?" என்று நீங்களே கேளுங்கள்.

மற்ற மருந்துகளைப் பற்றிச் செய்தி வரும்போதும், இது ஓர் ஆய்வா, எல்லா ஆய்வுகளும் சேர்ந்ததா என்று மருத்துவரிடம் கேட்கலாம். காக்ரேன் மீளாய்வுகள் சிலவற்றின் எளிய சுருக்கம் தமிழிலும் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளிடம் சொன்னால் கைப்பேசியிலேயே எடுத்துத் தருவார்கள்.