தேதி சொல்லும் தாள்

1500-ஆம் ஆண்டுக்குள் ஐரோப்பாவில் அச்சான புத்தகங்கள் பலவற்றில் முகப்புப் பக்கம் கிடையாது. ஊர், ஆண்டு, அச்சிட்டவர் பெயர் எல்லாவற்றையும் கடைசிப் பக்கத்துக் குறிப்பில்தான் தேட வேண்டும். அந்தக் குறிப்பும் இல்லையென்றால், அரிய நூல்களைப் பட்டியலிடுபவர் முதலில் எழுத்தைப் பார்ப்பார். 20 வரிகளின் உயரத்தை மில்லிமீட்டரில் அளப்பார். பெரிய 'எம்' எழுத்தின் வடிவத்தைக் கவனிப்பார். இவை இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் அச்சுக்கூடம் பிடிபட்டுவிடும். பிரிட்டிஷ் மியூசியத்தின் ராபர்ட் ப்ராக்டர் தம் நூலகத்தின் பழைய அச்சு நூல்களை நாடு, ஊர், அச்சுக்கூடம் என்று வகைப்படுத்தி 1898-இல் பட்டியல் வெளியிட்டதற்கு எழுத்தாய்வுதான் அடிப்படை.

ஆனால் அச்செழுத்து ஓர் அச்சுக்கூடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும். அதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 'மிஸ்ஸாலே ஸ்பெசியாலே' என்ற திருப்பலி நூலே சாட்சி. அதில் ஆண்டு இல்லை. 1457-இல் மைன்ஸ் நகரில் அச்சான பைபிள் சங்கீத நூலின் சிறிய எழுத்துதான் இதிலும் இருக்கிறது. அதுவும் இன்னும் செம்மைப்படாத நிலையில். ஆகவே இது கூட்டன்பெர்க் பைபிளுக்கும் முந்தியது, ஐரோப்பாவின் முதல் அச்சு நூலே இதுதான் என்றுகூட அறிஞர்கள் வாதிட்டார்கள்.

வழக்கைத் தீர்த்தது தாள். அன்று காகிதக்கூழைக் கம்பிச் சல்லடையில் அள்ளித் தாள் செய்தார்கள். சல்லடையில் கம்பியால் தைத்த காளைத்தலை போன்ற உருவம், தாளை வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறியாகத் தெரியும். நாள்தோறும் புழங்குவதால் அந்தக் கம்பி வளையும், நகரும், தையல் விடும். அமெரிக்கரான ஆலன் ஸ்டீவன்சன் இந்தச் சின்னச் சின்னச் சிதைவுகளைப் பின்தொடர்ந்தார். அதே சல்லடையின் குறி, அதே தேய்மானத்தோடு, ஆண்டு தெரிந்த பேசல் நகரத்து நூல்களில் அகப்பட்டது. திருப்பலி நூல் 1473-ஐச் சேர்ந்தது என்று அவர் நிறுவினார். பைபிளுக்குப் பிறகு ஏறக்குறைய 18 ஆண்டுகள்! முதல் நூல் என்ற பெருமை போனது பெரிதல்ல. அச்சின் தொடக்க வரலாறு நேரானதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆண்டு தெரிந்தாலும் பட்டியலிடுபவரின் வேலை முடிவதில்லை. அச்சு ஓடும்போதே பிழை திருத்துவது அன்றைய வழக்கம். ஆகவே ஒரே பதிப்பின் இரண்டு பிரதிகளுக்குள்ளும் வேறுபாடு இருக்கும். கையால் தீட்டிய சிவப்பு முதலெழுத்து, உடைமையாளர் கையொப்பம், கட்டடத் தோல், பூச்சித் துளை, விடுபட்ட தாள் என்று தம் கையிலுள்ள பிரதியைப் பற்றி ஒவ்வொன்றாக எழுதுவார். களவுபோன பிரதி எங்காவது ஏலத்துக்கு வந்தால், இது எங்களுடையது என்று நூலகம் நிரூபிக்க இந்த விவரங்கள்தான் உதவும்.