ஊரை வரைந்த கை

பம்பாய் சர் ஜே. ஜே. ஓவியக் கல்லூரியில் சேர்ந்து ஒரே நாளில் வெளியேறிவிட்ட இளைஞரொருவர், பிற்காலத்தில் தமது கிராமத்தைப் பாரத தேசமெங்கும் பிரசித்தப்படுத்தினார் என்பது, சித்திரக்கலையைச் சாஸ்திரோக்தமாகப் பயின்றோருக்குச் சற்றே சங்கடமளிக்கும் விஷயந்தான். அவர் மாரியோ மிராண்டா. 1926ஆம் ஆண்டு டாமனில் பிறந்தவர். அன்று போர்த்துக்கேயர் ஆட்சியிலிருந்த கோவாவில், லூட்டோலிம் என்னும் கிராமத்தில், முன்னோரின் மாளிகையொன்றில் வளர்ந்தவர்.

பால்யத்தில் வீட்டுச் சுவர்களிலெல்லாம் அவர் கிறுக்கித் தள்ளியதைக் கண்ட தாயார், பிரம்பை எடுக்காமல் வெறுந்தாள் புத்தகமொன்றைக் கையில் கொடுத்தார். அவர் பெற்ற ஓவியப் பயிற்சி என்று எதையேனும் சொல்லவேண்டுமானால் அதைத்தான் சொல்லவேண்டும். பிறர் எழுதி நிரப்பும் டயரியை அவர் வரைந்தே நிரப்பினார். 1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளின் டயரிகள் பின்னாளில் நூல்களாகவே வெளிவந்தன. கோயில் வாசலில் வம்பளக்கும் மாதர், பருத்த பாதிரியார், கலியாண வீட்டு வாத்தியக்காரர், மதுக்கடையில் உலகத்தைத் திருத்துவோர், இவர்கள் எல்லாருடைய காலடியிலும் எப்படியோ வந்து படுத்துக்கொள்ளும் நாய் என்று, ஒரு தாளில் ஓர் ஊரையே அடைத்துவிடுவது அவருடைய கைவரிசை.

பத்திரிகைச் சித்திரக்காரராகப் புகழெய்தியதும், 1959இல் குல்பெங்கியன் உபகாரச் சம்பளம் பெற்றுப் போர்த்துக்கல் சென்றதும், 2011இல் லூட்டோலிமிலேயே காலமானதும், மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கு வந்ததும் யாவரும் அறிந்தவை. நான் வியப்பது வேறொன்றை. கழிந்த காலத்தை நினைப்பவனுக்கு அன்றைய மனிதரெல்லாம் உத்தமராகத் தோன்றுவது சகஜமாயிருக்க, அவரோ தம் ஊராரை நேசித்துக்கொண்டே அவர்களுடைய தொப்பையையும் டாம்பீகத்தையும் விடாமல் வரைந்தார். ஆயினும், அது மாளிகையின் சாளரத்திலிருந்து பார்த்த ஊர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேலைக்காரியின் கண்ணால் பார்த்த ஊர் வேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போகவேண்டும். 1860இல் பிறந்து, பன்னிரண்டு வயதில் பிறர் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டு, விவசாயி ஒருவரை மணந்து, பெற்ற பத்துக் குழந்தைகளில் ஐவரைச் சிசுப்பருவத்திலேயே பறிகொடுத்த அன்னா மேரி மோசஸ், மூட்டுவாதத்தால் ஊசி பிடித்துப் பூவேலை செய்ய இயலாத முதுமையில் தூரிகை பிடித்தார். 1938இல் சிற்றூர் மருந்துக்கடையொன்றின் கண்ணாடிக்குள் கிடந்த அவருடைய படங்களை ஒரு ரசிகர் கண்டெடுத்ததிலிருந்து, ‘பாட்டி மோசஸ்’ என்று உலகம் அவரைக் கொண்டாடிற்று. பனியும், அறுவடையும், மேப்பிள் பாகு காய்ச்சும் நாளுமாக அவர் வரைந்தவை ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல்.

இலங்கையில் நமது மலையகத்தின் நிலைமை யாது? துரைமாரின் பங்களா வராந்தாவிலிருந்து எழுதப்பட்ட மலைக்காட்சிகள் உண்டு. தேயிலைப் பொட்டலத்தின்மீது, கால் வழுக்கும் சரிவிலும் புன்னகை மாறாத கொழுந்து பறிக்கும் பெண் உண்டு. இருள் பிரியுமுன், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வரிசையை, கொழுந்து நிறுக்கையில் தராசு முள்ளையே பார்த்து நிற்கும் முகங்களை, பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுத் திரும்பும் தாயை, காமன் கூத்து இரவை, சம்பள நாளில் ஹட்டன் கடைவீதியை, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர் கை வரைந்து நாம் பார்த்தது மிகச் சொற்பம். ஓவியம் பயின்று வந்துள்ள நம் இளந்தலைமுறையினர் சிலர் இப்பொழுது இதைத் தொடங்கியிருக்கின்றனர்; எனினும் கழிந்த காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் பாட்டிமாரும் தாத்தாமாருமே.

ஆகையால் ஆசிரியர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு முதியவர்களிடம் ஒரு கொப்பியையும் பென்சிலையும் கொடுத்து, நினைவிலுள்ளதை வரையச் சொல்லுங்கள். கோணலாக வந்தால் திருத்த முற்படாதீர்கள். படத்தின் பின்புறத்தில் வரைந்தவர் பெயரையும், தோட்டத்தையும், டிவிசனையும், ஆண்டையும் மறவாமல் எழுதி வையுங்கள்.