புத்தக விலையும் தள்ளுபடியும்

தீபாவளிக் காலத்தில் கோ-ஆப்டெக்ஸ் விற்பனை நிலையங்களில் 30 சதவிகிதத் தள்ளுபடிப் பலகை தொங்குவதை நேயர்கள் அறிவார்கள். அதற்கு அரசாங்க மானியம் உண்டாதலால், முழுச் சுமையும் நெய்தவர் தலையில் விழுவதில்லை. புத்தகக் கடைக்காரர் தரும் தள்ளுபடிக்கோ ஈடுசெய்வார் எவருமிலர்.

கணக்கைப் பாருங்கள். 100 ரூபாய் விலையிட்ட நூலைப் பதிப்பாளரிடம் 70 ரூபாய்க்கு வாங்கும் ஒரு மயிலாப்பூர் வியாபாரியை எண்ணிக்கொள்வோம். அந்த 30 ரூபாயில்தான் கடை வாடகையும், விளக்குச் செலவும், விற்காமல் அலமாரியில் தூசி படியும் நூல்களில் முடங்கிய முதலும் அடங்கவேண்டும். தியாகராய நகரில் பெரிய கடையொன்று 20 ரூபாய் குறைத்து விற்குமாயின், இவரும் குறைக்கவேண்டும். அன்றேல் கடையை மூடவேண்டும். விரைந்து விற்கும் நூல்களின் இலாபத்தைக் கொண்டே மெல்ல விற்கும் நூல்களை இவர் வைத்திருக்க இயலும்.

இத்தகைய போட்டியால் இங்கிலாந்தில் கடைகள் நலிந்தபோது, பதிப்பாளர் பிரெடெரிக் மாக்மில்லன், குறித்த விலைக்குக் குறைத்து விற்கலாகாது என்னும் நிபந்தனையோடு 1890இல் ஒரு பொருளாதார நூலை வெளியிட்டார். 1900 ஜனவரி 1 முதல் அதுவே பதிப்பாளர், விற்பனையாளர் சங்கங்களின் பொது ஒப்பந்தமாயிற்று. 1962இல் நீதிமன்றம் அதனைப் பொதுநலனுக்கு உகந்ததென ஏற்றது. 1995இல் பெரும் பதிப்பகங்கள் விலகவே அது சரிந்தது. 1997இல் நீதிமன்றமும் செல்லாதென்றது. பிரான்சிலோ, 1981ஆம் ஆண்டுச் சட்டம் புதிய நூல்களுக்கு 5 சதவிகிதத்துக்கு மேற்பட்ட தள்ளுபடியை இன்றும் தடுக்கிறது.

நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. அச்சிட்ட விலை மேல்வரம்பேயன்றிக் கீழ்வரம்பன்று. சென்னையில் 1976இல் தோன்றிய தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம், அதாவது 'பபாசி', 1977இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் முதற் புத்தகக் காட்சியை நடத்திற்று. அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடைபெறும் அக்காட்சியில், அரங்குதோறும் 10 சதவிகிதக் கழிவு என்பது வழக்கம். பெரியவரும் சிறியவரும் ஒரே அளவே குறைப்பதால், ஒருவர் மற்றவரை விலையால் வீழ்த்த வழியில்லை. கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இவ்வொழுங்கு பிடித்தமானதே.

எனினும், மைதானத்து வேலிக்கு வெளியே அது செல்லுபடியாகாது. இணையவழி வணிகர் எவ்வளவும் குறைக்கலாம். வாசகரோ பொங்கலையொட்டி வரும் காட்சிக்காக மார்கழி முழுதும் வாங்காமற் காத்திருப்பர். நானும் அவ்வாறு காத்திருந்தவனே. சென்ற ஆண்டு லஸ் முனையருகே ஒரு சிறு கடையில் நூலொன்றைப் புரட்டிவிட்டு, "காட்சியில் வாங்கிக்கொள்கிறேன்" என்றேன்.

"அங்கே எனக்கு அரங்கு கிடையாது, ஸார்" என்றார் கடைக்காரர்.

முழு விலையையும் கொடுத்து நூலை வாங்கிக்கொண்டு வந்தேன்.