கல்லாய்ச் சமைந்த காடு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், 'வண்ணப் பாலைவனம்' என்று பெயர் பெற்ற வறண்ட நிலத்தில் ஒரு காடு இருக்கிறது. காடு என்றதும் நிழலைத் தேடாதீர்கள்! இக்காட்டின் மரங்களெல்லாம் படுத்துக் கிடக்கின்றன. அத்தனையும் கல்.

இதைப் பார்க்க மலையேறும் பயிற்சி ஏதும் வேண்டியதில்லை. கல்மரக் காட்டுத் தேசியப் பூங்காவின் தென்பகுதியில் ஓர் அருங்காட்சியகம் உள்ளது. அதன் பின்புறத்திலிருந்து 'பெருங்கட்டைகள் பாதை' புறப்படுகிறது. சுற்றி வந்தால் சுமார் 600 மீட்டர்தான். இடையில் சில படிகள். பாட்டியும் பேரனும் கைகோத்துக்கொண்டு மெல்ல நடந்து வரலாம். குடிநீரும் தொப்பியும் மட்டும் மறக்கலாகாது.

பாதையில் கிடக்கும் மிகப் பெரிய கட்டையின் அடிப்பகுதி ஏறத்தாழ 3 மீட்டர் அகலம் உடையது. 1962-இல் இடி விழுந்து அது பிளந்தது. சாந்து வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பச்சை மரத்தில் இடி விழக் கேட்டிருக்கிறோம், கல்மரத்தையும் அது விடவில்லை!

மரம் எப்படிக் கல்லாயிற்று? ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் பூமத்திய ரேகைக்கு அருகே இருந்தது. பெரிய ஆறுகள் ஓடின. வானளாவிய மரங்கள் வளர்ந்தன. ஆறு அடித்து வந்த மரங்கள் மணலிலும் சேற்றிலும் புதைந்தன. காற்றுப்படாததால் எளிதில் மக்கவில்லை. அந்தச் சேற்றில் எரிமலைச் சாம்பலும் கலந்திருந்தது. சாம்பலிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீர் மரத்துக்குள் ஊறியது. சிறுகச் சிறுக மரப்பொருள் போய், அதனிடத்தில் சிலிக்கா குவார்ட்ஸ் படிகமாக இறுகியது. சிவப்பும் மஞ்சளும் இரும்பு தந்த நிறங்கள். கறுப்பு மாங்கனீசு தந்தது. ஒரு கன அடித் துண்டை நிறுத்தால் 70 கிலோவுக்குக் குறையாது.

பட்டையும் முண்டும் அப்படியே தெரிகின்றனவே என்று ஆண்டு வளையங்களை எண்ணப் போனால் ஏமாற்றம்தான். பெரும்பாலான கட்டைகளில் வெளி உருவம்தான் மிஞ்சியது. உள்ளமைப்பு படிகமாகும்போது அழிந்துவிட்டது.

இன்னொரு வியப்பு: கட்டைகள் வாளால் அறுத்ததுபோல் துண்டுதுண்டாகக் கிடக்கின்றன. "யார் அறுத்தது?" என்று கேட்காத குழந்தை இராது. ஒருவரும் அறுக்கவில்லை. குவார்ட்ஸ் கடினமானது, ஆனால் வளைந்து கொடுக்காது. நிலம் உயர்ந்து அசைந்தபோது, சுண்ணக்கட்டி முறிவதுபோல் குறுக்கே முறிந்தன.

மனிதர்கள் உடைத்த கட்டைகளும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், உள்ளிருக்கும் அழகிய படிகங்களுக்காகச் சிலர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கல்மரத்தை அரைத்துச் சாணைத்தூளாக்க ஓர் ஆலைகூட அருகே எழுந்தது. பொறுக்காத மக்கள் முறையிட்டார்கள். 1906-இல் இவ்விடம் பாதுகாக்கப்பட்ட தேசிய நினைவிடமாயிற்று; 1962-இல் தேசியப் பூங்கா.

இன்று ஒரு சிறு துண்டைக்கூட எடுப்பது குற்றம். எனினும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர், ஆண்டுகள் பல கழிந்த பின்னும், மன்னிப்புக் கடிதத்துடன் கல்லைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். அக்கடிதங்களில் சில அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டதுண்டு.

கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாமே என்பீர்கள். எந்த இடம்? எந்தப் படுகையில், எதன் அருகே கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் அதன் வயதையும் வரலாற்றையும் படிக்கிறார்கள். தவறான இடத்தில் போட்டால் அது பொய் சொல்லும். ஆகவே திரும்பி வந்த கற்களைப் பூங்காவில் ஓரிடத்தில் குவித்துவைத்தார்கள். அதற்கு 'மனச்சாட்சிக் குவியல்' என்று பெயர்.